திரும்பி வரவும் வழி வேண்டும்

பாரதக் கதையில் அபிமன்யுவின் முடிவைக் கேட்டுக் கண்கலங்காதார் இலர். சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே புகும் வித்தை அவ்விளைஞனுக்குத் தெரியும். வெளியே வரும் வித்தை தெரியாது. தெரியாது என்பதை அவனே தருமரிடம் சொல்லியும் விட்டான். “நீ வழியைத் திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம்” என்று பெரியவர்கள் வாக்குக் கொடுத்தனர். வந்தவர்களைச் சயத்ரதன் வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிட்டான். அன்று முதல் இன்று வரை நாம் அபிமன்யுவின் வீரத்தைப் போற்றி வருகிறோம். அவனை அனுப்பியவர்களின் திட்டத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், குறை முழுவதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது என்பேன்.

நான் எழுத வந்தது போர்க்களத்தைப் பற்றியன்று, கணிப்பொறியைப் பற்றி. அதிலும் நம் மேசைமேல் இருக்கும் சிறு கணிப்பொறியைப் பற்றியன்று. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுகளும் தம் கணக்குகளை எல்லாம் ஒப்படைத்திருக்கும் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணிப்பொறியைப் பற்றி. அதன் இயங்குதளத்தை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை, பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும்போது திரும்பி வருவதற்கான வழியை முன்கூட்டியே அமைத்து, அவ்வழியில் ஒருமுறை நடந்தும் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். இதுவே என் கட்சி. “இதிலென்ன புதுமை? யாருக்குத்தான் இது தெரியாது?” என்று கேட்கலாம். தெரிந்தவர்களே தவறியிருக்கிறார்கள் என்பதனால்தான் இதனை எழுத நேர்ந்தது.

‘மெயின்ஃப்ரேமா? அது அருங்காட்சியகத்துப் பொருளாயிற்றே!’ என்று நம் வகுப்பிலேயே நகைப்பவர் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சிஸ்டம்/360 என்ற கணிப்பொறிக் குடும்பத்தை உலகிற்கு அறிவித்தது. அக்குடும்பத்தின் வாரிசுகளே இன்றைய பெருங்கணிப்பொறிகள். 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட 370/155 என்னும் பொறியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஓ.எஸ்./360 என்று பிறந்த இயங்குதளம் 1974இல் எம்.வி.எஸ். ஆயிற்று, 1990களில் ஓ.எஸ்./390 ஆயிற்று, 2001இல் இசட்/ஓ.எஸ். என்று பெயர் பூண்டது. பெயர்தான் மாறிற்றே அன்றி மரபு அறுபடவில்லை. நம் தந்தையார் காலத்தில் கோபால் மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. நம் போன்ற கல்லூரிகளில் பயின்று வெளியேறிய பலர், அயல்நாட்டு வங்கிகளின் இத்தகைய பொறிகளைச் சென்னையில் அமர்ந்து இரவெல்லாம் கண்விழித்துக் காத்து வருகிறார்கள். ஆகவே இது எங்கோ நடக்கும் பிறர் கதை அன்று. நாளை நம்மில் சிலர் உட்காரப் போகும் நாற்காலியின் கதை.

இனி, தெரிந்தவர்கள் தவறிய கதையைக் கூறுகிறேன். பிரிட்டனில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கி ஆகிய மூன்றும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. பகலில் நடந்த கொடுக்கல் வாங்கல்களை எல்லாம் இரவில் அவற்றின் பெருங்கணிப்பொறிகள் வரிசையாக எடுத்துக் கணக்கில் ஏற்றும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று ஒழுங்குபடுத்துவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. நாடகக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்று, யார் எப்போது மேடை ஏற வேண்டும் என்று கை காட்டுபவரைப் போன்றது அது. 2012ஆம் ஆண்டு ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, இந்த மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினர். இயங்குதளம் அன்று, அதன்மேல் ஓடும் ஒரு துணைப் பொருள்தான். எனினும் நம் வாதத்திற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

மாற்றிய பின்னர் ஏதோ சரியில்லை என்று கண்டனர். அதுவரை குற்றமில்லை, புதிய பொருளில் கோளாறு தோன்றுவது இயல்பு. “சரி, பழையதற்கே திரும்புவோம்” என்று முடிவு செய்தனர். அதுவும் கேட்பதற்கு அறிவுடைய முடிவாகவே தோன்றுகிறது. ஆனால் அவ்வாறு திரும்பினால் என்ன நேரும் என்பதை அவர்கள் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பதை எவரும் உணரவில்லை. பழையதற்குத் திரும்பியதுதான் தாமதம், இரவுப் பணிகளின் வரிசை குலைந்தது. ஓர் இரவின் வேலை முடியாமல் மறுநாள் வேலையைத் தொடங்க முடியாது. மறுநாளின் சுமையும் சேர்ந்து மூன்றாம் நாள் அழுத்தும். இப்படியே மலையாகக் குவிந்தது.

விளைவு என்ன? பிரிட்டனில் மட்டும் குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் அல்லலுற்றனர். தம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரியாக அறிய முடியவில்லை. வீட்டுக் கடன் தவணையை உரிய நாளில் செலுத்த இயலவில்லை. வெளிநாடு சென்றிருந்தவர்கள் கையில் பணமின்றித் தவித்தனர். சில நிறுவனங்கள் ஊழியர்க்குச் சம்பளம் போட முடியாமல் கையைப் பிசைந்தன. மற்ற இரு வங்கிகளின் பெரும்பாலான பணிகள் ஜூன் 26 வாக்கில் சீரடைந்தன. அல்ஸ்டர் வங்கியோ ஜூலை 10 வரை தள்ளாடியது. 2014 நவம்பரில் பிரிட்டனின் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த தண்டத்தொகை 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. அதே மாதத்தில் அயர்லாந்தின் மத்திய வங்கி, அல்ஸ்டர் வங்கிக்குத் தனியே 35 லட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. பணப் பற்றாக்குறையால் இந்தக் கேடு வந்ததன்று. அக்குழுமம் ஆண்டுதோறும் 100 கோடி பவுண்டுக்கு மேல் கணிப்பொறிப் பராமரிப்புக்குச் செலவிட்டு வந்தது என்று கண்காணிப்பு அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. பணம் இருந்தது, ஆள் இருந்தது, பொறி இருந்தது. திரும்பும் வழி இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த வழியில் ஒருவரும் நடந்து பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பெருங்கணிப்பொறியில் திரும்புதல் அத்துணைக் கடினமோ எனின், இல்லை. உண்மையைச் சொன்னால் இவ்வளவு அழகான ஏற்பாடு வேறு கணிப்பொறிகளில் அரிது. இயங்குதளம் முழுவதும் குறிப்பிட்ட சில வட்டுகளில் குடியிருக்கிறது. ‘சிஸ்ரெஸ்’ என்று தொழிலில் அவ்வட்டைக் குறிப்பிடுவர். பொறியைத் துவக்கும் செயலுக்கு ஐ.பி.எல். என்று பெயர், எந்த முகவரியில் உள்ள வட்டிலிருந்து துவக்குவது என்பதை இயக்குபவரே குறித்துக் கொடுக்கிறார். ஆதலால் அனுபவசாலிகள் ஓடிக்கொண்டிருக்கும் வட்டின்மேல் புதியதை ஏற்றவே மாட்டார்கள். வேறொரு வட்டில் புதிய இயங்குதளத்தைத் தனியே அமைத்து, குறித்த நாளில் அதன் முகவரியைக் கொடுத்துத் துவக்குவார்கள். சரிப்படவில்லையா? பழைய வட்டின் முகவரியைக் கொடுத்து மறுபடி துவக்கினால் பழைய இயங்குதளம் அப்படியே எழுந்து வரும். பழைய வீட்டை இடிக்காமல் பக்கத்து மனையில் புது வீடு கட்டிக் குடிபோவதற்கு ஒப்பாகும் இது.

ஒத்திகைக்கும் வசதி இருக்கிறது. ஒரே பொறியைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறில் வங்கி வேலை நடக்க, மற்றொரு கூறில் புதிய இயங்குதளத்தைச் சோதிக்கலாம். 1972இல் வந்த வி.எம்./370 என்னும் அமைப்பு ஒரு பொறிக்குள்ளேயே பல கற்பனைப் பொறிகளை உண்டாக்கிக் கொடுத்தது. அதனுள் ஒரு முழு இயங்குதளத்தையே விருந்தாளியாக உட்கார வைத்துப் பார்க்க முடிந்தது. 1994இல் வந்த பேரலல் சிஸ்பிளெக்ஸ் ஏற்பாட்டில் 32 இயங்குதளங்கள் வரை ஒன்றாகக் கூடி ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆகவே ஒன்றை மட்டும் நிறுத்திப் புதியதற்கு மாற்றி, அது நிலைத்த பின்னர் அடுத்ததை மாற்றலாம். கடை அடைக்காமலே கடையைப் புதுப்பிக்கும் வித்தை இது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. புதியதும் பழையதும் சில நாட்கள் அருகருகே ஓடும்போது, புதியது எழுதி வைப்பதைப் பழையது படித்துக் குழம்பாமல் இருக்க வேண்டும். அதற்கான திருத்தங்களைப் பழைய இயங்குதளத்தில்தான் போட வேண்டும். அதுவும் புதியது அடியெடுத்து வைக்கும் முன்பே. புது வீட்டுக்குப் போகிறவன் முதலில் பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும் என்றால் யாருக்குத்தான் கை வரும்? ‘விட்டுப் போகிற வீட்டுக்கு எதற்குச் சுண்ணாம்பு?’ என்று தோன்றும். அவ்வாறு தோன்றுகிற இடத்தில்தான் பல திட்டங்கள் ஓட்டை விழுந்து போகின்றன.

நிற்க. “இவ்வளவு தொல்லை எதற்கு? நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?” என்று கேட்கும் எச்சரிக்கையாளர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான வாதம், ஆனால் ஆபத்தானது. இசட்/ஓ.எஸ். பதிப்பு ஒவ்வொன்றையும் ஐ.பி.எம். வெளிவந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே வழக்கமான ஆதரவில் வைத்திருக்கும். அதன்பின் ஓட்டை கண்டால் அடைத்துக் கொடுப்பார் இல்லை. தனியே பணம் கட்டினால்தான் உண்டு. அதைவிட முக்கியமானது, அடுத்தடுத்த மூன்று பதிப்புகளுக்குள்தான் கூடி வாழ்வதற்கும் திரும்பி வருவதற்கும் அந்நிறுவனம் உறுதி தருகிறது. 2023இல் வந்த 3.1 பதிப்புக்குப் போனவர், 2021இன் 2.5 பதிப்பிலிருந்தோ 2019இன் 2.4 பதிப்பிலிருந்தோ போயிருந்தால், திரும்பி வருவதற்கு முறையான வழி உண்டு. அதற்கும் முந்தியதில் தங்கியிருந்தவருக்கு அந்த உறுதி இல்லை. அதாவது, பயந்து பயந்து காலம் தாழ்த்துபவர் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, தாம் திரும்பி வருவதற்கான பாலத்தைத் தாமே இடிய விடுகிறார். துணிந்தவன் கெட்டதைவிடத் தயங்கியவன் கெட்டதே அதிகம் என்று இத்துறையைப் பொறுத்தவரை நான் கருதுகிறேன்.

இனி எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருகிறேன். நிரல் திரும்பும், தரவு திரும்பாது. பழைய இயங்குதளத்தைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம். ஆனால் இடைப்பட்ட இரண்டு நாளில் புதிய முறையில் எழுதப்பட்ட கணக்குகள் என்னாவது? அவற்றைப் பழைய முறைக்கு மாற்ற முடியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பிரதியை எடுத்துப் போட்டால் திங்கட்கிழமை பணம் கட்டியவரின் கட்டு எங்கே போகும்? பால் தயிரான பின் பாத்திரத்தை மாற்றினால் பால் ஆகிவிடாது.

இந்த உண்மையை உணர்ந்து அமைத்தவற்றுள் டி.பி. 2 என்னும் தரவுத்தள அமைப்பைப் பாராட்டுவேன். 2016இல் வந்த அதன் 12ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் 100 என்ற நிலையில் அது ஓடும். அந்நிலையில் புதிய வசதிகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். உரிய திருத்தங்களை முன்பே போட்டிருந்தால் 11ஆம் பதிப்புக்குத் திரும்பிவிடலாம். 500 என்ற நிலையை இயக்கிவிட்டால் புதிய வசதிகள் திறக்கும். திரும்பும் கதவு மூடும். 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலும் இதே முறைதான். புறப்பாடு வேறு, திரும்ப முடியாத கட்டம் வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்த அறிவை என்னென்பது! பல இடங்களில் இவ்விரண்டையும் ஒரே இரவில் செய்து முடித்துவிட்டு, இனிப்பு வழங்கிக் கலைந்து விடுகிறார்கள். புதிய வசதி வேண்டும் என்ற ஆசை பொல்லாதது.

அவ்வாசையை எவ்வளவு நாள் அடக்க வேண்டும்? குறைந்தது ஒரு மாதக் கடைசி கழியும் வரை என்பேன். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பொறியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சம்பளமும் வட்டியும் தவணையும் ஒன்றாகக் கூடும் மாத முடிவு இரவில்தான் அதன் குணம் தெரியும். அதுவரை புதிய வசதிகளின் பூட்டைத் திறக்கக் கூடாது. பழைய வட்டை வேறு வேலைக்கு எடுக்கவும் கூடாது. ‘வட்டு சும்மா கிடக்கிறதே’ என்று கணக்குப் பிரிவினர் கேட்பார்கள். தீயணைப்பு வண்டியும் சும்மாதான் நிற்கிறது.

நேரக் கணக்கிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. எடுத்துக்காட்டாக, ஞாயிறு அதிகாலை 1 மணி முதல் 6 மணி வரை வேலைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பழையதற்குத் திரும்ப 1 மணி 15 நிமிடம், திரும்பியபின் எல்லாம் சரியா என்று பார்க்க 30 நிமிடம் ஆகும் என ஒத்திகையில் தெரிந்தது. அப்படியானால் முயற்சி செய்வதற்கு உள்ள நேரம் 5 மணி நேரமன்று, 3 மணி 15 நிமிடமே. 4.15க்குப் புதியது நிலைபெறவில்லை எனில் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும். நடைமுறையில் 4.15க்கு என்ன நிகழ்கிறது? “இன்னும் பத்தே நிமிடம், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது” என்று ஒருவர் சொல்லுவார். அந்தப் பத்து நிமிடம் 5.30 வரை நீளும். பிறகு திரும்பவும் நேரமிராது, முன்னே போகவும் வழியிராது.

ஆகவே 4.15 என்ற அந்த எண்ணைத் தூக்கம் கலையாத பகல் நேரத்தில், முன்கூட்டியே, எல்லோரும் கையொப்பமிட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த எண் வந்ததும் “திரும்புக” என்று சொல்லும் உரிமையைப் பணியில் இருக்கும் ஒருவரிடம், அவர் எவ்வளவு இளையவராயினும், கொடுத்துவிட வேண்டும். மேலதிகாரியை எழுப்பி, அவர் தம் மேலதிகாரியை எழுப்பி, கடல் கடந்து அனுமதி வருவதற்குள் விடிந்துவிடும். திரும்பியதற்காக அவரை மறுநாள் நிற்க வைத்துக் கேள்வி கேட்கவும் கூடாது. கேட்கத் தொடங்கினால் அடுத்த முறை எவரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள்.

இங்கேதான் உண்மையான தடை இருக்கிறது. திரும்பும் திட்டம் கேட்பவனை நம்பிக்கையற்றவன் என்றும், திரும்பியவனைத் தோற்றவன் என்றும் பார்க்கும் வழக்கம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. ‘போகும்போதே அபசகுனமாகப் பேசாதே’ என்னும் மனப்பான்மையே இதற்கும் அடிப்படை. நம் பாடத்திட்டமும் இதற்குத் துணைபோகிறது. நிறுவுவது எப்படி என்று கேட்கும் வினாத்தாள், நிறுவியதை விலக்கிப் பழைய நிலைக்கு வருவது எப்படி என்று ஒருநாளும் கேட்பதில்லை. செய்முறைத் தேர்விலும் நிரல் ஓடினால் மதிப்பெண். ஓடாதபோது மாணவன் எத்துணை ஒழுங்காகப் பின்வாங்கினான் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

பெருங்கணிப்பொறி வாங்க அரசுக் கல்லூரிக்கு வசதி ஏது என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். வாங்க வேண்டியதில்லை. ரோஜர் பௌலர் என்பவர் 1999இல் தொடங்கிய ஹெர்க்குலிஸ் என்ற மென்பொருள், நம் ஆய்வகத்தின் சாதாரணக் கணிப்பொறியையே சிஸ்டம்/370 போல நடிக்க வைக்கும். விலை கிடையாது. அதன்மேல் பழைய எம்.வி.எஸ். 3.8 இயங்குதளத்தை ஓட்டலாம். அதற்கும் விலை கிடையாது. அதில் இயங்குதள வட்டு என்பது வெறும் ஒரு கோப்புதான். அக்கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் எஸ்.எம்.பி. என்னும் கருவியைக் கொண்டு ஒரு சிறு திருத்தத்தைப் போட்டு, அதிலிருந்து ஐ.பி.எல். செய்யச் சொல்லலாம். இரண்டு வட்டுக்கும் ஒரே பெயர் என்பதால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடக் கூடாது என்று மட்டும் எச்சரித்தால் போதும். பிரதியில் இருந்தபடியே ஒரு தரவுத்தொகுப்பை மற்றொரு வட்டில் எழுதிவிட்டு, பழைய வட்டுக்குத் திரும்பி, எழுதியதைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்புக்குள் அடங்கும் வேலை இது. வரும் கல்வியாண்டில் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு இதனை ஒரு செய்முறையாகச் சேர்க்கத் துறைத் தலைவர் அவர்கள் ஆவன செய்வார்களாயின், பதிவேட்டில் ‘நோக்கம்’, ‘செய்முறை’, ‘முடிவு’ என்னும் வழக்கமான தலைப்புகளோடு ‘திரும்புவதற்கு ஆன நேரம்’ என்று ஒரு வரியும் இடம்பெறச் செய்ய வேண்டுகிறேன். அந்த வரி நிரம்பாத பதிவேட்டில் கையொப்பமிட வேண்டா.